வாளித் தண்ணீரில் ஒரு லென்ஸ்

முப்பத்தெட்டு வருடம் ராமநாதபுரத்தில் கேமரா பழுது பார்த்தேன். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு இனிக்க இனிக்க எழுத வராது. உங்களில் பலரைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. "போட்டோ எடுத்து அனுப்புங்க சார், சொல்லிடறேன்" என்கிறீர்கள். சாமானைக் கையில் வாங்காமலே "உள்ளே பூஞ்சை, லென்ஸ் போச்சு, தூக்கிப் போடுங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

இப்படிக் கோபப்பட உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் இல்லை. நீங்கள் இப்போது செய்வதை நான் நாற்பது வருடத்துக்கு முன்பே செய்தவன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன வருடம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல்களில் எல்லாம் சின்னச் சின்ன வெட்டுத் தழும்பு. கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களுக்குத்தான் அப்படி இருக்கும். பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்க்கும்போது கை கிழியும். பெயர் முத்துராக்கு என்றாள். பாம்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். கட்டைப் பையிலிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்னா சாமான், எதுக்குச் செஞ்சது, இன்னும் உசுரு இருக்கா? இது மூணுந்தான் எனக்குத் தெரியணும்."

"எங்க கெடைச்சது? யாரோடது?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார். கதையச் சொன்னா கதைக்குத் தகுந்த மாதிரி நீங்களும் ஒண்ணச் சொல்லுவீக. சாமானைப் பாத்துச் சொல்லுங்க."

அவளுடைய அப்பாவின் பெயரே அந்தப் பொருளால் கெட்டுக் கிடந்தது. அது எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

துண்டைப் பிரித்தேன். என் வயதை மறந்துபோனேன். ஒரு லென்ஸ்! ஆனால் என்ன லென்ஸ் அது! கனத்த பித்தளை உடம்பு, மேலே கறுப்புப் பூச்சு. செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, வரிசை எண் கூட இல்லை. யாரோ ஒருவர் தனக்கென்று சொல்லிச் செய்வித்தது. தூரத்தைத் திருப்புவதற்கு வழக்கமான வளையம் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குமிழ், காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சத்தியமே செய்திருப்பேன். "உட்காரும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு என் கருவிப் பெட்டியைத் தேடி ஓடினேன்.

அடுத்த அரை மணி நேரம் எனக்குத் திருவிழா. அச்சகத்தில் பிளாக் எடுக்கிற பெரிய கேமராவின் லென்ஸா? இல்லை, அதற்குத் தகடு சொருகும் பிளவு வேண்டும். எக்ஸ்ரே திரையைப் படம் எடுக்கிற லென்ஸா? அதற்குப் பின் கண்ணாடி பிலிமை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இதில் நல்ல இடைவெளி இருக்கிறது. விமானத்திலிருந்து எடுக்கிறதா? விமானத்தில் போகிறவனுக்கு எதற்குக் குமிழில் இரண்டு அடி, மூன்று அடி என்று குறிப்பு? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குமிழ் மட்டும் உறுத்தியது. அவ்வளவு பெரிய குமிழ் வெறும் விரலுக்குத் தேவையில்லை. கையுறை போட்டவன்தான் அப்படிப்பட்ட குமிழைத் திருப்புவான். உடம்பில் கண்ணாடி பதியும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் வேறு. ஈரம் உள்ளே வராமல் இருக்க.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று தொடையைத் தட்டினேன். "பனிம்மா, பனி! பனிமலையில படம் எடுக்கிறதுக்குச் செஞ்சது!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ராமநாதபுரத்துல பனியா சார்? எங்கூர்ல மார்கழியிலயே விசிறி இல்லாமப் படுக்க முடியாது."

எனக்கு ரோஷம் வந்தது. எதிர்வீட்டு மாடிக் கம்பியைப் பார்த்து லென்ஸைத் திருப்பிப் பின்னால் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தேன். தாளில் படம் விழுந்தது. நடுவில் ஏதோ தெரிந்தது. ஓரமெல்லாம் கஞ்சி கொட்டியது போலக் குழம்பி, கம்பியின் விளிம்பில் சிவப்பும் நீலமும் பிரிந்து நின்றது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளியவில்லை. கெட்டுப்போன லென்ஸ். என் திருவிழா அத்தோடு முடிந்தது.

சரி, உள்ளே என்ன கேடு என்று பார்க்கலாம் என்று பின் வளையத்தைக் கழற்றினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் காலத்தில் நாங்கள் கை வைத்த ஒவ்வொரு சாமானுக்குள்ளும் ஊசியால் ஒரு அடையாளம் கீறி வைப்போம். வெளியிலிருந்து தெரியாது. என்னுடையது ஒரு சின்ன முக்கோணம். சரி செய்து கொடுத்திருந்தால் முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். செத்த சாமான் என்று திருப்பிக் கொடுத்திருந்தால் பெருக்கல் குறி. அதே சாமான் திரும்ப வந்தால் மறுபடியும் நேரத்தை வீணாக்க வேண்டாம் அல்லவா? எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

பின் வளையத்தின் உட்பக்கத்தில் முக்கோணம் இருந்தது. பக்கத்தில் பெருக்கல் குறி.

என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் கைதான். சந்தேகமே இல்லை.

"இப்பக் கதையச் சொல்லு தாயி," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சொன்னாள்.

அவளுடைய அய்யா பெயர் நம்புராஜன். ஒரு வெள்ளைக்காரர் பவளப் பாறைகளை ஆராய வந்து, சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தார். அதில் நம்புராஜனுக்கு வேலை. படகு ஓட்டுவார், சாமான்களைக் கழுவி வைப்பார். வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிய பிறகு படகையும் சாமானையும் ஒரு மேனேஜர் எடுத்து நடத்தினார். அவர் இந்த லென்ஸை வேறொரு கேமராவில் மாட்டி ஒரு விழாவில் படம் எடுத்தார். எல்லாப் படமும் மங்கல். அதே வாரம், நம்புராஜன் இந்த லென்ஸை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதை அந்த மேனேஜர் பார்த்துவிட்டார்.

"டவுனுல ஒரு மெக்கானிக்குகிட்டக் கொண்டுபோய்க் காட்டியிருக்காக. அவன் தண்ணி புகுந்து கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டான். அன்னிக்கே வேலை போச்சு. 'இந்தக் குப்பையையும் நீயே வச்சுக்க'ன்னு மேல வீசிட்டுப் போயிருக்காரு. அதுக்கப்புறம் ஒரு படகுலயும் ஏத்தல சார். சாமானைக் கெடுக்கிற ஆளுன்னுட்டாக. கடலை விட்டுட்டு நயினார்கோவில் பக்கம் கருவேல மரம் வெட்டி, கரி மூட்டம் போடப் போனாரு. இருவது வருசம். எங்க வீட்டுக்குப் பேரே வாளி வீடு. எங்கய்யா வாளி. நான் வாளி மக. இப்ப எம்மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா, 'யாரு, அந்த வாளி வீடா?'ங்குறாக. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எங்கய்யா கெடுத்தாரா, கெடுக்கலையா? கெடுத்தாருன்னா சொல்லிருங்க. பேரைச் சுமந்துட்டுப் போறோம்."

நாற்பது வருடம் என் கண் முன்னால் வந்து நின்றது. கடை போட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஒருவன் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "அய்யா, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில முக்கி எடுக்கச் சொல்லித்தான் வெள்ளைக்காரரு சொல்லிக் குடுத்தாரு" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏய்யா, லென்சு என்ன கருவாடா, அலசி எடுக்க?"

கடையே சிரித்தது. அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிரிப்பில் அது கேட்கவில்லை. லென்ஸைச் சுவருக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், மங்கலாக இருந்தது, எழுதிக் கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிடம். அதில் பெருக்கல் குறி கீறியதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அடையாளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "கெட்டதுதான்மா" என்று அவளை அனுப்பிவைத்திருக்கலாம். அவளுக்கு நான் யார் என்று தெரியாது. சோதித்துப் பார்த்ததிலும் மங்கல்தானே வந்தது? பொய்கூட இல்லை அது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

என்னைத் தடுத்தது லென்ஸின் உட்பக்கம்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் புகுந்த லென்ஸ் எப்படி இருக்கும் என்று நம் கடற்கரையில் வேலை பார்க்கிற எவனுக்கும் தெரியும். திருகாணி பச்சை பிடித்திருக்கும், கண்ணாடி ஓரத்தில் வெள்ளை பூத்திருக்கும். இது நேற்றுச் செய்தது மாதிரி இருந்தது. ஒரு துளி உப்பு இல்லை. ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. ஆக, தண்ணீர் உள்ளே போகவே இல்லை. நம்புராஜன் எதையும் கெடுக்கவில்லை. அப்படியானால் கெடாத லென்ஸ் ஏன் மங்கலாகக் காட்டுகிறது?

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. முத்துராக்கு பட்டர் பேப்பரை வாங்கி, லென்ஸுக்குப் பின்னால் வைத்து எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"மொகத்துல கண்ணாடி கட்டாமத் தண்ணிக்குள்ள முழிச்சா எனக்கும் இப்படித்தான் சார் தெரியும். ஓரமெல்லாம் கொழகொழன்னு. அதுக்காக எங்கண்ணு கெட்டுப் போச்சுன்னா அர்த்தம்? கரைக்கு வந்தா நல்லாத்தான் தெரியுது."

நான் எழுந்துவிட்டேன். நம் கண் காற்றுக்கென்று ஆனது, தண்ணீருக்குள் மங்குகிறது. இந்தக் கண் காற்றில் மங்குகிறது. அப்படியானால் இது எதற்கென்று ஆனது?

"தாயி, கொல்லைப் பக்கம் வா!"

கொல்லையில் துணி துவைக்கிற நீல டிரம்மில் மூன்றடித் தண்ணீர் நின்றது. நல்ல வெயில். என் பழைய எஃகு அளவுகோலை டிரம்முக்குள் போட்டேன். லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. ரப்பர் வளையம் நாற்பது வருடத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. ஒரு சொட்டு உள்ளே போனால், அவருக்கு ஆதரவாக இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். திரும்ப வந்து, ரப்பரைப் பிடுங்கி, தண்ணீர் மோட்டாருக்கு வாங்கி வைத்திருந்த வளையங்களில் பொருந்துகிற ஒன்றைத் தேடி, வாஸ்லின் தடவி மாட்டினேன். உங்களுக்குச் சொல்கிறேன், ஆர்வம் தலைக்கு ஏறுகிற நேரத்தில்தான் கையை நிறுத்த வேண்டும். என் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் அந்த வளையமும் ஒன்று.

"முக்கட்டுமா? கெட்டுப் போனா நான்தான் கெடுத்தவன்."

"முக்குங்க சார். வாளி வீட்டுக்கு இது புதுசா?"

முன் கண்ணாடி மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி இறக்கினேன். பின்பக்கம் பட்டர் பேப்பர். தலைக்கு மேல் கறுப்புத் துணி. குமிழைத் திருப்பினேன்.

அளவுகோல் தெரிந்தது. அதன் கோடுகள் தெரிந்தன. மில்லிமீட்டர் கோடுகள்! ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஊசியால் கீறியது போல, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. எங்கும் குழப்பம் இல்லை, எங்கும் நிறம் பிரியவில்லை. குமிழில் மூன்று அடி என்று எழுதியிருந்தது, தண்ணீரும் மூன்றடி. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

இது தண்ணீருக்குள்ளேயே வாழ்வதற்குச் செய்த லென்ஸ். கண்ணாடியில் நுழையும் ஒளி காற்றிலிருந்து வந்தால் ஒரு மாதிரி வளையும், தண்ணீரிலிருந்து வந்தால் வேறு மாதிரி வளையும். முன்னால் தண்ணீர்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு அரைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் பூட்டி இறக்குவதில்லை, கடல் நேராக அந்தக் கண்ணாடியைத் தொட வேண்டும். குமிழ் முக்குளிப்பவனின் கையுறைக்கு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் முக்கி உப்பை எடுக்காவிட்டால் அந்த வளையத்தைச் சுற்றி உப்பு கட்டி, அடுத்த முறை ஒழுகும். நம்புராஜன் செய்தது சரி. அந்தப் படகில் அந்த லென்ஸைப் பற்றித் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நாங்கள் துரத்தினோம்.

துணிக்குள் தலையை விட்ட முத்துராக்கு வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்கய்யா கெடுக்கல."

"கெடுக்கல. கெடுத்தது வேற ஆள்," என்று சொல்லி, பின் வளையத்தைக் கழற்றி அந்த அடையாளத்தைக் காட்டினேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத முடியவில்லை. சொன்னேன்.

அவள் பெருக்கல் குறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கருவாடான்னு கேட்ட ஆளு நீங்கதானா?"

"நான்தான்."

"வேலை போனதைக்கூட எங்கய்யா எப்பவாச்சும்தான் பேசுவாரு. அந்தக் கருவாட்டை மட்டும் மறக்கவே இல்ல." துண்டில் லென்ஸைச் சுற்றினாள். "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? சட்டையப் போடுங்க. பஸ்சுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் ஏறினோம். எனக்குப் பயம் ஒரு பக்கம், அந்த மில்லிமீட்டர் கோடுகளின் சந்தோஷம் ஒரு பக்கம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாசி எடுத்த பெண்கள் கரை ஏறிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர்கள் ஐந்தாறு பேர் மணலில் இருந்தார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் தார்ப்பாயில் பாசியைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஏலே, வாளிக்காரரைப் பாக்க டவுனு ஆளு வந்திருக்காருலே!" என்றார் ஒருவர்.

நான் அதையே பிடித்துக்கொண்டேன். எனக்கு மேடைப் பேச்சு வராது, கத்த வரும். "இங்க வாங்கய்யா எல்லாரும்! நாப்பது வருசத்துக்கு முன்னாடி இவரு லென்சைக் கெடுத்துட்டாருன்னு எழுதிக் குடுத்த மெக்கானிக் நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியல. இவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவரு செஞ்சது சரி. நான் எழுதுனது தப்பு. நம்பலைன்னா இந்தாங்க, கடலுக்குள்ள வச்சுப் பாருங்க!"

கையோடு எடுத்துப் போயிருந்த ஒரு குழாய்த் துண்டில் லென்ஸைப் பொருத்தி, பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டிக் கொடுத்தேன். வாளிக்காரர் என்று கேலி பேசியவரே வாங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். துண்டைத் தலையில் போட்டுக் குனிந்தார். முதலில் லென்ஸைத் தண்ணீருக்கு மேலேயே பிடித்தார். "என்னய்யா, ஒரு எழவும் தெரியல." பிறகு கடலைத் தொட வைத்தார்.

குனிந்தபடியே குமிழைத் திருப்பினார்.

"ஏலே... மணலு ஒவ்வொரு பொடியாத் தெரியுதுலே! நண்டுக்குக் கண்ணு இருக்குலே! கண்ணு தெரியுதுலே!"

அவ்வளவுதான். எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். பாசிப் பெண்கள் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். "எனக்குக் குடு", "தள்ளுடி", "உன் மூஞ்சியக் காட்டி நண்டைப் பயமுறுத்தாத" என்று ஒரே கூச்சல். முத்துராக்கு எல்லாரையும் அதட்டி வரிசையில் நிறுத்தினாள். "வாளி வீட்டுச் சாமான், மெதுவாப் பிடிங்க" என்று அவள் சொன்னபோது அந்தப் பெயரை முதல் தடவையாக நிமிர்ந்துகொண்டு சொன்னாள் என்று எனக்குப் பட்டது.

நம்புராஜன் மட்டும் கரையிலேயே நின்றார். நான் அவர் பக்கத்தில் போனேன். மன்னிப்பு என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். லென்ஸுக்குள் இருக்கிற பெருக்கல் குறியை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். யாரு போட்டதுன்னு தெரியணுமில்ல," என்றார்.

நீங்கள் எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாமான் சரியாக வேலை செய்யவில்லை என்றால், என்ன கெட்டது என்று உடனே கேட்காதீர்கள். எதற்காகச் செய்தது என்று முதலில் கேளுங்கள். அதைத் தினமும் கையாண்டவன் படியில் நின்றுகொண்டு ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேளுங்கள். நான் அன்று இன்னும் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் போதும். "அவரு இதைத் தண்ணிக்குள்ள கொண்டுபோவாரு" என்பதுதான் அவர் சொல்ல வாயெடுத்ததாம். முத்துராக்கு பிறகு சொன்னாள்.

எல்லாரும் பார்த்து முடித்ததும், குழாயிலிருந்து கழற்றிய லென்ஸ் நம்புராஜன் கைக்கு வந்தது. சொட்டுச் சொட்டாகக் கடல் தண்ணீர் வடிந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். அந்த ஊரில் நல்ல தண்ணீர் வண்டியில்தான் வரும். வாசலில் மூடி வைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி, ஒரு வாளி நிறைய ஊற்றினார்.

"குடிக்கிற தண்ணிய்யா!" என்றாள் மகள்.

அவர் காதில் வாங்கவில்லை. லென்ஸை வாளிக்குள் இறக்கி, குமிழ் இரண்டையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, மெதுவாக அலசினார். வெளியே எடுத்தார். தண்ணீரை உதறினார். மறுபடி ஒரு முறை முக்கினார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கருவாடு இல்ல சார், லென்சு. அலசித்தான் வைக்கணும்."